வெளிநாட்டுப் படம் பார்த்துத் திருந்தியவர்

"பெட்டி எங்கடி?" என்று கேட்டபடியே அக்கா உள்ளே நுழைந்தாள். வாடகைக் காரை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"எந்தப் பெட்டி?" என்றாள் தங்கை.

"எந்தப் பெட்டியா? 'இந்த ஆளோட இனிமே ஒரு நாள் குடித்தனம் பண்ண மாட்டேன், வந்து கூட்டிட்டுப் போ'ன்னு போன்ல அழுதியே, அந்தப் பெட்டி!"

"அது எப்பவோ சொன்னதுக்கா. நீ லீவு கிடைக்கலைன்னு இப்பத்தான் வர்றே. அதுக்குள்ள அவர் தங்கமா மாறிட்டார்." சொல்லும்போதே தங்கையின் முகத்தில் வெட்கம் வேறு.

அக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை. தங்கை புருஷன் தகரப் பட்டறையில் டமடமவென்று தகடு அடிக்கிற பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர். இருபது வருஷமாக இரும்போடு மல்லுக்கட்டி, வாயும் இரும்பாகிப் போன மனுஷன். இவள் ஒன்று சொன்னால் அவர் ஒன்பது சொல்வார். மீதியைச் சமையலறைப் பாத்திரங்கள் சொல்லும்.

"எந்தச் சாமியார்கிட்டடி கூட்டிட்டுப் போனே?"

"சாமியாரும் இல்ல, மருந்தும் இல்ல. சினிமா!"

தங்கை குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "முன்னெல்லாம் அடிதடிப் படம்னா உயிரை விடுவார், உனக்குத் தெரியுமே. இப்ப எல்லாமே வெளிநாட்டுப் படம். எல்லாம் இந்த நாலஞ்சு வருஷத்துல வெளியான படங்க. தெருமுனை டிஸ்க் கடையில வாடகைக்கு எடுத்துட்டு வர்றார். ஒண்ணுல பனி கொட்டுற ஊர்ல ஒரு கிழவர் மாட்டைத் தேடிட்டுப் போறார். படமே முடிஞ்சிடுச்சு, மாடு கிடைக்கல. இன்னொண்ணுல பாலைவனத்துல கல்யாணம், மாப்பிள்ளையைத் தவிர எல்லாரும் வந்துட்டாங்க. நேத்து ஒரு படம். புருஷனும் பொண்டாட்டியும் எதிரெதிரா உட்கார்ந்து சூப் குடிக்கறாங்க. குடிக்கறாங்க, குடிக்கறாங்க, குடிச்சிட்டே இருக்காங்க. பார்த்துட்டிருந்த எனக்கே பசி வந்துடுச்சு."

"இதைப் பார்த்தா ஒருத்தன் திருந்துவான்?"

"பின்னே? அந்தப் படங்கள்ல யாருமே கத்திப் பேசறதில்லக்கா. அது இவருக்கும் ஒட்டிக்கிச்சு. நான் அடுப்படியில இருந்து என்ன கத்தினாலும் ஒரு வார்த்தை திருப்பிப் பேசறதில்ல. எனக்குத் தலைவலிக்கும்னு டிவி சத்தத்தைக்கூட அணைச்சிட்டுத்தான் பார்க்கறார்."

தங்கை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கு ஒரு சாயங்காலம், அவர் பக்கத்துல உட்கார்ந்து எல்லாத்தையும் சொன்னேன். குழந்தை தங்காம போனது, அதுக்கு அவங்க வீட்டுல பேசினது, அம்மா போன அன்னைக்கு நான் அழ முடியாம இருந்தது, எல்லாம். ஒரு தடவைகூடக் குறுக்கே பேசல. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என் பேச்சை ஒருத்தர் முழுசாக் கேட்டது அன்னைக்குத்தான்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனாலும் அவள் சும்மா நம்புகிற ஆளில்லை. நேரே கூடத்துக்குப் போனாள்.

டிவியில் இரண்டு பெண்கள் ஒரு போர்வையை மடித்துக்கொண்டிருந்தார்கள். அடியில் அவர்கள் பேசுவது தமிழ் எழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவைப் பார்த்ததும் அவர் எழுந்து, "வாங்க அண்ணி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு மறுபடி படத்தில் மூழ்கினார்.

அக்கா உட்காரவில்லை. பக்கத்தில் நின்றபடி ஆரம்பித்தாள். "ஏன் மாப்பிள்ளை, எங்க வீட்டுப் பொண்ணோட குடும்பம் நடத்த உங்களுக்கு என்ன யோக்கியதை இருக்கு? எல்லாம் உங்கம்மா வளர்த்த லட்சணம்!"

பழைய ஆளாக இருந்தால் அம்மா என்ற சொல்லுக்கே நாற்காலி பறந்திருக்கும். இவரோ நிமிர்ந்து பார்த்துப் புன்னகை செய்தார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் அண்ணி."

அக்கா அந்த நிமிஷமே நம்பிவிட்டாள். வெளியே ஓடிப்போய்க் காரைத் திருப்பி அனுப்பினாள். "அந்தக் கடையைக் காட்டுடி. உங்க அத்தானுக்கு ஒரு மூட்டை கட்டிட்டுப் போறேன்!"

டிஸ்க் கடையில் இரண்டு பேர் சேர்ந்து நிற்கத்தான் இடம். கடைக்காரர் ஒரு டிஸ்கைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டு மாப்பிள்ளை பார்க்கற படமெல்லாம் வேணும்" என்றாள் அக்கா. "பனியோ, மாடோ, சூப்போ, எதுவா இருந்தாலும் சரி. சீக்கிரம் திருத்தற படமாப் பார்த்துக் குடுங்க. எங்க வீட்டுக்காரர் கொஞ்சம் முத்தின கேஸு."

"பட்டறைக்காரர் வீடா? அவர் எங்கம்மா படம் பார்த்து எடுக்கறார்? வெளிநாட்டு அலமாரியில மேல்தட்டுல ஆரம்பிச்சு வரிசையா எடுத்துட்டுப் போறார். இப்ப மூணாவது தட்டுக்கு வந்துட்டார்."

"பார்த்தியாக்கா, ஒண்ணு விடறதில்ல!" என்று பூரித்தாள் தங்கை. பிறகு எட்டி, உள்ளூர் அடிதடிப் படம் ஒன்றை எடுத்தாள். "இன்னைக்கு ஒரு நாள் அவருக்குப் பிடிச்சதை நான் வாங்கிட்டுப் போறேன். பாவம், எனக்காக இதையெல்லாம் விட்டுட்டார்."

கடைக்காரர் கை நீட்டி அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "இது அவருக்கு ஆகாதும்மா. நம்ம படத்துல அடியில எழுத்து ஓடாதே."

"நம்ம படத்துக்கு எதுக்குங்க எழுத்து?" தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நம்ம பேச்சு அவருக்குப் புரியாதா?"

அக்காவும் சேர்ந்து சிரித்தாள். பெண்டாட்டிக்குத் தெரியாமலா இருக்கும் என்ற நினைப்பில், கடைக்காரர் டிஸ்கைத் துடைத்தபடியே சொன்னார்:

"புரியும்மா. காதுதானே கேக்காது!"