துண்டு போட்ட சீட்டு

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை நின்றுகொண்டே வந்ததில் சூசை மேரிக்கு முட்டி கழன்றுவிடும்போல இருந்தது. வந்ததோ பழைய பஸ்களை நிறுத்தி வைத்திருக்கும் அருங்காட்சியகத்துக்கு.

"பஸ்ல இடி வாங்கிக்கினு வந்து, மறுபடியும் பஸ்ஸையே பாக்கணுமா?" என்று புருஷனை வழியெல்லாம் வைதிருந்தாள்.

கூடத்தில் அவர்கள் இருவர் மட்டும்தான். எஞ்சின் கழற்றிய பஸ் ஒன்றைக் கண்டதும், சவரிநாதன் பழக்க தோஷத்தில் ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து இடம் பிடித்தார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஏறிப் பார்த்தார்கள். பஸ் காலி. ஆனால் எறிந்த துண்டு நாலாக மடிந்து நடைவழியில் கிடந்தது. எல்லாச் சீட்டிலும் மெத்தை, ஆள் உட்கார்ந்ததுபோல அமுங்கியிருந்தது. சவரிநாதன் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சூசை மேரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இங்கியும் நிக்கணுமா? முட்டி வலியோட ஒரு பொம்பள நின்னுக்கினு இருக்கேன். எழுந்து இடம் குடுக்கணும்னு ஒருத்தருக்காவது தோணுதா?"

பக்கத்துச் சீட்டின் மெத்தை மெல்ல உப்பி எழுந்தது.

அவள் உட்கார்ந்தாள். இடம் இன்னும் சூடாக இருந்தது.