துப்பாத மீன்

"ஏங்க, மீனுக்குக் கலர் தெரியுமா?"

தனலெட்சுமி கேட்டதற்கு அழகையா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் சாக்கை விரித்து, தூண்டிலில் குத்துகிற ரப்பர் புழுக்களைச் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகப் பரப்பி வைத்திருந்தான். மண்ணைக் கிண்டி நிஜப் புழு எடுக்கிற ஆட்களை அவன் மதிப்பதே இல்லை. அவன் வீடியோ பார்த்துத் தொழில் படித்தவன்.

"தெரியும் தனம். தண்ணி கலங்கலா இருந்தா செவப்பு. தெளிஞ்சிருந்தா பச்ச."

"சேல எடுக்க ஹட்டனுக்குப் போனப்ப, எந்தக் கலரா இருந்தா என்ன, சீக்கிரம் எடுன்னீங்க."

அழகையா ஒரு பச்சைப் புழுவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, அதிமுக்கியமாக எதையோ ஆராய்ந்தான்.

ஐந்து மாதமாக ஞாயிறு தவறாமல் இறம்பொடையில் பஸ் ஏறி, கொத்மலை நீர்த்தேக்கத்துக்குப் போய் விரால் மீனுக்குக் காத்துக் கிடக்கிறான். இதுவரை வீட்டுக்கு வந்தது தடிமனும் தும்மலும் மட்டும்தான்.

"கடிக்குது தனம். வாயில வச்சுப் பாத்துட்டுத் துப்பிடுது. அதுதான் பிரச்சின."

"அஞ்சு மாசமா மீன் துப்புன கதையத்தான் கேக்குறேன்." அவள் அருகே உட்கார்ந்தாள். குரலில் கேலி குறைந்திருந்தது. "ஆறு நாளும் மலையில கொழுந்தெடுக்கிறேன். ஏழாம் நாளு நம்ம லீக்ஸ் பாத்தியில நானே மம்பட்டி புடிக்கிறேன். இடுப்பு என்னுதுதானே, வாடகைக்கு வாங்குனதா?"

அதில் நியாயம் இருந்தது. அதனால்தான் அவனுக்குக் கோபம் வந்தது.

"இப்ப என்னங்கிற?"

"நாளைக்கு மீனோட வந்தா ஞாயித்துக்கெழம பூரா உங்களுக்கு. நான் வாயத் தொறக்க மாட்டேன். வெறுங்கையோட வந்தா, தூண்டிலக் கட்டி வச்சிட்டுப் பாத்திக்கு வரணும்."

"சரி."

"இன்னொரு பாக்கெட் ரப்பர் இந்த வீட்டுக்குள்ள வந்துச்சு, அடுப்புலதான் போடுவேன்" என்று சொல்லிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனாள்.

அவள் தலை மறைந்ததும், தேயிலை லொறி ஓட்டும் நிரோஷன் நுவரெலியாவிலிருந்து வாங்கி வந்த இன்னொரு பாக்கெட்டுடன் வந்து சேர்ந்தான். உள்ளே இருந்தவை கறுப்பு. சுண்டு விரலில் பாதி இருக்கும்.

"இது என்னடா, பொடிசா இருக்கு?"

"இப்ப தண்ணி தெளிஞ்சு கெடக்குண்ணே. பெருசாப் போட்டா மீனு வெரண்டு ஓடிரும். எடைக்குக் கட்டுற ஈயம் மொளகு அளவு போதும். தூண்டில் முள்ளப் புழுவோட தலையில குத்தாதீங்க, நடு இடுப்புல குத்துங்க. ரெண்டு பக்கமும் தொங்கி ஆடும். இழுக்காம சும்மா இருக்கணும், அதுதான் வித்த."

"சும்மா இருக்கிறது எனக்கு நல்லா வரும்" என்றான் அழகையா.

பீலிப் பக்கம் வாளிச் சத்தம் கேட்டது. கறுப்புப் புழுக்களை அவசரமாக ஒரு காலி ஜாம் போத்தலில் கொட்டி, வாசல் பெஞ்சுக்கு அடியில் தள்ளினான். ஒன்றும் தெரியாதவன் மாதிரி எழுந்து நின்றான்.

ஞாயிறு மத்தியானம், பஸ்ஸை விட்டு இறங்கிய அழகையா நேர்வழியாக வீட்டுக்கு வரவில்லை. கோயிலைச் சுற்றி, கடையைச் சுற்றி, மூன்று லயங்களின் வாசலையும் கடந்து வந்தான். கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு விரால் தொங்கியது.

தனலெட்சுமி மீனை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். தோற்றவள் முகத்தில் அவன் எதிர்பார்த்த வாட்டம் இல்லை. குழம்புக்குப் புளி கரைக்கிற யோசனைதான் இருந்தது.

அவன் விடவில்லை. அவள் மீன் கழுவும்போது பக்கத்திலேயே குந்திக்கொண்டான்.

"அறிவு வேணும் தனம். கலரப் பாக்கணும், எடையப் பாக்கணும். அவனவன் பெரிய புழுவப் போட்டுட்டு ஒக்காந்திருக்கான். நான் நடு இடுப்புல குத்தி மெதுவா விட்டேன். கடிச்சுது பாரு, விடவே இல்ல. துப்பவே இல்ல. முட்டாயி மாதிரி சப்பிக்கிட்டே இருந்துச்சு."

"எந்தப் புழு?"

ஜெயித்தவனுக்கு இனி என்ன பயம். "ஜாம் போத்தல்ல ஒளிச்சு வச்சிருந்தேன். கறுப்பு."

கத்தி பாதியில் நின்றது. "பெஞ்சுக்குக் கீழ இருந்துச்சே, அதுவா?"

"அதேதான்."

"அது புழுவா?" தனலெட்சுமி அவனையே பார்த்தாள். "அட்டையின்னுல்ல நெனச்சேன். புழு வாங்கி அலுத்துப்போயி, மனுசன் மலையில இருந்து அட்டையப் புடிச்சாந்து வளக்க ஆரம்பிச்சிட்டாருன்னு, ரெண்டு கை உப்ப அள்ளிப் போட்டுக் குலுக்கி மூடி வச்சேன். விடிஞ்சதும் கொட்டலாம்னு பாத்தா போத்தலக் காணோம்."

அழகையா குந்தியிருந்த இடத்திலிருந்து எழுந்தான். "மேல வெள்ளையா ஒட்டியிருந்துச்சு. கம்பெனிப் பவுடருன்னு நெனச்சேன்."

மெல்லச் சட்டைப் பைக்குள் கையை விட்டு, மிச்சமிருந்த ஒரு கறுப்புப் புழுவை எடுத்தான். ஒரு கணம் தயங்கிவிட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். முகம் கோணிற்று. தூவென்று வாசலில் துப்பினான்.

"ஒங்க புழுவ மீனு துப்புச்சு, என் உப்ப நீங்க துப்புறீங்க" என்றாள் தனலெட்சுமி, மீனைத் துண்டு போட்டுக்கொண்டே. "மீனப் புடிச்சது யாரு உப்புன்னு தெரிஞ்சு போச்சுல்ல, வாற ஞாயித்துக்கெழம மம்பட்டிய நீங்க எடுங்க, தூண்டில நான் எடுக்கிறேன்."