மரியகொறற்றியின் புனிதர்

சுவிஸின் ஷாஃப்ஹவுசனில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கிய மீசைக்காரரின் படத்தை அந்தோனியாருக்குப் பக்கத்தில் வைத்து, மரியகொறற்றி ஆறு மாதமாக மெழுகுதிரி கொளுத்துகிறாள். யார் இந்தப் புனிதர்? அதை அறியாமல் அவள் கணவன் எட்வேட்டுக்கு இருப்புக்கொள்ளவில்லை. படத்தின் பின்னால் இருந்த பெயரைக் கொண்டுபோய் நூலகத்தில் விசாரித்தே விட்டான்.

"கொறற்றி, இவர் புனிதரும் இல்லை, ஒண்டும் இல்லை! இந்த ஊர்ச் சிப்பாய். இருநூறு வருசத்துக்கு முந்தித் தென்னமெரிக்காவுக்குச் சண்டை பிடிக்கப் போனவர்."

"ஓம்."

"மூண்டு சண்டை பிடிச்சவர். நாலாவதிலை துவக்கை எறிஞ்சுபோட்டு ஓடிவந்திட்டார்! இவருக்கோ மெழுகுதிரி?" எட்வேட்டின் குரல் தேவைக்கு மேல் உயர்ந்தது.

"தெரியும். கடைக்கார மனுசி அண்டைக்கே சொன்னவ. அதுக்காகத்தான் வாங்கினனான்."

"அதுக்காகவோ?"

மரியகொறற்றி, படத்தின் முன் இன்னும் கொளுத்தாமல் சாய்ந்திருந்த மெழுகுதிரியை நிமிர்த்தி வைத்தாள்.

"வன்னியிலை துவக்கை எறிஞ்சுபோட்டு வந்ததை நித்திரையிலை எத்தினை தரம் சொல்லி அழுதிட்டீங்கள். அந்தோனியார் துலைஞ்ச சாமானைத்தான் எடுத்துத் தருவார். உங்கடை கதை இவருக்குத்தான் விளங்கும்."

எட்வேட் நெருப்புப்பெட்டியைத் தேடினான்.