கீபோர்டு சேர்த்த நாலாவது ஆல்பம்

பழைய குற்றாலத்துக்குப் போகிற வழியில் காரை ஓரங்கட்டிவிட்டு, கண்ணாடியில் சாரல் வழிவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான் முஃபீத். பக்கத்தில் சஃப்ரின். கல்யாணமாகி இத்தனை நாளில் "ம்", "சரி" தவிர அவள் அதிகம் பேசியதில்லை. தன்னைப் பிடிக்கவில்லையோ என்ற கவலை அவனை அரிக்கிறது. நடுவில் எண்ணெய்க் காகிதத்தில் மிளகாய் பஜ்ஜி ஆவி விடுகிறது. ஸ்பீக்கரில், எழுபதுகளின் லண்டன் பங்க் ராக் இசைக்குழுவான ரஸ்டி சைரன்ஸ் தொண்டை கிழியக் கத்துகிறது. "இவங்க மொத ஆல்பம்தான் தீ. நாலாவதுல கீபோர்டைச் சேத்துக் கெடுத்துட்டானுவ," என்று பேச்சுக்குச் சொல்லிவைக்கிறான். பஜ்ஜியைப் பிட்டுக்கொண்டிருந்த சஃப்ரினின் கை அப்படியே நிற்கிறது.

"யாரு சொன்னா?" அவன் திரும்பிப் பார்க்கிறான். "மொத ஆல்பத்துல ரெண்டு பாட்டு தேறும். மிச்சமெல்லாம் தகர டப்பாவைத் தட்டுத சத்தம். நாலாவதுலதான் மச்சான், அவங்க வாசிக்கவே கத்துக்கிட்டாங்க. முழுசாக் கேட்டிருக்கீங்களா?" டேஷ்போர்டில் விரலால் அந்த ஆல்பத்தின் டிரம்ஸைத் தட்டிக்காட்டுகிறாள், கண்ணாடி வளையல்களும் சேர்ந்து குலுங்குகின்றன. கன்னத்தில் எண்ணெய் மினுங்குவதுகூட அவளுக்குத் தெரியவில்லை. "இதெல்லாம் கேப்பியா நீ?" என்கிறான் அவன். "ஹாஸ்டல்ல இதைக் கேட்டாத்தான் தூக்கமே வரும். நீங்க என்ன நெனப்பீங்களோன்னு சொல்லலை."

முஃபீத்துக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வருகிறது. அடக்கிக்கொள்கிறான். அவனுக்கு உயிரே அந்தக் குழுவின் அஞ்சாவது ஆல்பம்தான். "அஞ்சாவது அதைவிட மோசம்," என்கிறான், முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு. சஃப்ரின் செருப்பைக் கழற்றிவிட்டு, சீட்டில் காலை மடக்கி, முழுசாக அவன் பக்கம் திரும்பி உட்காருகிறாள்.