காலியான ப்ரோக்கோலி டப்பா

ஒன்றரை வயது மகிழனுக்கு ப்ரோக்கோலி என்றால் ஆகாது. வேகவைத்துக் கொடுத்தாலும் துப்பினான், மசித்து நெய் விட்டாலும் துப்பினான். தோசைக்குள் ஒளித்து வைத்தால் தோசையையும் சேர்த்து அம்மா பிரபாவின் முகத்திலேயே துப்பினான்.

அவள் வேலைக்குக் கிளம்பும்போது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஜெபா அணுபுரம் குவார்ட்டர்ஸுக்கு வந்து, மகிழனைத் தன் வீட்டுக்குத் தூக்கிப்போவாள். கூடவே போகும் ப்ரோக்கோலி டப்பா மட்டும் தினமும் காலியாகத் திரும்பியது.

"எப்படி ஜெபாக்கா?"

"எங்க ரோசி கீதே, டப்பா தொறக்குற சத்தம் கேட்டாலே ஓடியாந்துடும். தண்டக்கூட வுடாது மேடம். தம்பி கை தட்டிச் சிரிக்கும்."

பிரபா நெகிழ்ந்துபோனாள். மறுநாளிலிருந்து டப்பாவில் இரண்டு பங்கு வைத்தாள். வீட்டில் மகிழனிடம், "ரோசியைப் பார்த்தாவது கத்துக்கோடா" என்று திட்டினாள்.

கிறிஸ்துமஸுக்கு ஜெபா விருந்துக்குக் கூப்பிட்டாள். ரோசிக்கு ஒரு பூப்போட்ட கவுன் வாங்கிக்கொண்டு, மகிழனோடு போனாள் பிரபா. இலை நிறைய மட்டன் பிரியாணி. கறி பஞ்சாக வெந்திருந்தது. மடியில் இருந்த மகிழனுக்கும் ஒரு துண்டு பிய்த்து ஊட்டினாள்.

"ரோசி எங்கேக்கா? கவுன் போட்டுப் பார்க்கணும்."

ஜெபா கவுனைப் பார்த்தாள். இலையைப் பார்த்தாள்.

"இன்னா மேடம், அதத்தான துன்னுகினு கீறீங்க? உங்க ப்ரோக்கோலி துன்னு வளந்த ஆடாச்சே, கறி இன்னா சாஃப்டா கீது பாத்தீங்களா!"

பிரபாவின் கை அந்தரத்தில் நின்றது.

மகிழன் துப்பவில்லை. இன்னொரு துண்டுக்கு வாயைத் திறந்தான்.