ஏழு மணி நேர வாசகர்

"ரெண்டே ரெண்டு வரி விளம்பரம், மாஸ். அதைப் போய் ஒருத்தர் ஏழு மணி நேரமா படிப்பாரு?"

ரத்ரி கேட்டது கணவன் விஸ்னுவிடம்; ஜாவாவில் கணவனை மனைவி 'மாஸ்' என்றும், மனைவியைக் கணவன் 'டிக்' என்றும்தான் கூப்பிடுவார்கள். அவனுக்கும் அதே குழப்பம்தான். அதை ஒப்புக்கொண்டால் மரியாதை போய்விடுமே என்று மடிக்கணினியை முறைத்துக்கொண்டிருந்தான்.

சோலோ நகரத்தில் வளர்ப்புப் பறவைகளுக்கென்றே ஓர் இணையதளம். தீனி, வியாதி, சந்தை விலை, குரல் பதிவு என்று எல்லாம் அதில் உண்டு. நடத்தியவர் சுமத்ராவுக்குக் குடிபோகும்போது விற்றுவிட்டுப் போனார். விஸ்னு ஜகார்த்தாவில் பார்த்த வேலையை விட்டு, ரத்ரி தன் ஸ்கூட்டரை விற்று, இருவருமாக அதை வாங்கி ஆறு மாதம் ஆகிறது. சோலோவில் வீட்டுக்கு வீடு கூண்டு தொங்கும். இவர்கள் வாசலில் தொங்கியதெல்லாம் ஈரத்துணிதான். பறவையைப் பற்றி இரண்டு பேருக்கும் ஒரு மண்ணும் தெரியாது.

வருமானமும் அந்த லட்சணத்தில்தான் இருந்தது. அப்போதுதான் செமாராங்கிலிருந்து இபு லாஸ்மி என்ற அம்மாள் வந்து சேர்ந்தார். கோழித்தீனி ஆலைக்காரர். புதிதாகப் பறவைத் தானியமும் போட ஆரம்பித்திருந்தார். விளம்பரம் திரையில் எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு காசு என்பது பேச்சு. மேலே வைத்தால் எவ்வளவு, கீழே வைத்தால் எவ்வளவு என்று சோதித்துச் சொன்னால், நல்ல இடத்தை ஒரு வருஷத்துக்கு எடுத்துக்கொள்வார். கெடு சனிக்கிழமை. இது கைநழுவினால் திங்கட்கிழமை விஸ்னு மறுபடியும் ஜகார்த்தாவில் பழைய மேலாளர் முன்னால் போய்ப் பல்லிளிக்க வேண்டியதுதான்.

பதினைந்து நாள் சோதனை. வந்தவர்களில் பாதிப் பேருக்குத் தானிய விளம்பரம் பக்கத்தின் உச்சியில் தெரிந்தது. மீதிப் பேருக்கு அடியில், பறவைக் குரலை ஒலிக்கவிடும் பொத்தானுக்குக் கீழே. உச்சிதான் ஜெயிக்கும் என்று விஸ்னு அடித்துச் சொல்லியிருந்தான். நடந்ததோ தலைகீழ். மேலே இருந்தது நாலு நொடியில் நகர்ந்து மறைந்தது. கீழே இருந்தது காலை ஆறு மணியிலிருந்து மதியம் ஒரு மணி வரை நங்கூரம் போட்ட மாதிரி நின்றது. ஒருவர் இருவர் அல்ல, நூற்றுக்கணக்கானவர்கள் இப்படி. கணக்குப் போட்டுப் பார்த்தால் கீழ் இடத்துக்கு மாதா மாதம் வாடகை போக மளிகைக்கும் மிஞ்சும்.

"இவ்வளவு ஆழ்ந்து படிக்கற வாசகர் எந்தப் பத்திரிகைக்கும் கிடைச்சதில்ல, டிக்" என்றான் விஸ்னு.

"ஆழ்ந்து படிக்கறவங்கள்ல ஒருத்தராவது விளம்பரத்தைத் தொட்டுப் பாக்க மாட்டாங்களா? ஒரு விரல்கூடப் படலியே. எனக்கு என்னவோ இடிக்குது."

தூங்கிவிடுகிறார்களோ? கண் தெரியாமல் எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்களோ? ஆளே இல்லாமல் ஏதாவது எந்திரம் திறந்து வைக்கிறதோ? மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். பிடி கிடைக்கவில்லை. எந்திரம் என்றால் இபு லாஸ்மியிடம் மோசடிப் பட்டம் வாங்க வேண்டியிருக்கும்.

கடைசியில் ரத்ரிதான் வாசகர் கருத்துகளைத் துழாவி ஒன்றைக் கண்டுபிடித்தாள். 'மிகவும் பயனுள்ள பக்கம். தினமும் திறக்கிறேன். சமிடி, கிளாத்தென்.' கூடவே தொலைபேசி எண். அழைத்ததும், நேரிலேயே வாருங்கள் என்று அந்த மனிதர் சந்தோஷமாக வழி சொன்னார்.

சனிக்கிழமை காலை கடன் வாங்கிய மோட்டார் சைக்கிளில் கிளாத்தென் ஊருக்குப் போய் இறங்கினார்கள். பாக் சமிடி, அதாவது சமிடி ஐயா, ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர். கூடத்தில் உட்காரவைத்து, வெல்லம் போட்ட டீயும் பொரித்த மரவள்ளியும் கொண்டுவந்து வைத்தார்.

எந்திரம் இல்லை, ஆள்தான். ரத்ரிக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

"தினமும் ஏழு மணி நேரம் எங்க பக்கம் திறந்திருக்கறது நிஜம்தானா, பாக்?" என்று கேட்டான் விஸ்னு.

"சத்தியமா. இப்பக்கூட ஓடிட்டுத்தான் இருக்கு. நான் மட்டுமில்ல தம்பி, இந்தத் தெருவுல பத்துப் பன்னண்டு வீட்ல இதேதான். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

விஸ்னுவுக்குத் தலைகால் புரியவில்லை. ரத்ரி, கொஞ்சம் இரு என்று முழங்கையால் இடித்ததையும் பொருட்படுத்தாமல் அங்கேயே இபு லாஸ்மிக்குச் செய்தி அடித்தான். 'கீழ் இடம்தான். நேரில் விசாரித்துவிட்டேன். தினமும் ஏழு மணி நேரம் உங்கள் விளம்பரம் கண்ணெதிரே நிற்கிறது.'

விரல் படாததைப் பற்றி அந்த அம்மாள் கவலைப்படவில்லை. பார்த்துப் பார்த்துப் பெயர் மனதில் பதிந்தாலே போதும், ஒரு வருஷத்துக்கு எடுத்துக்கொள்கிறேன், முன்பணம் போட்டாயிற்று என்று ஐந்தாவது நிமிடம் பதில் வந்தது. ரத்ரிக்குக் கண் கலங்கியே விட்டது. ஆறு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிய சந்தோஷம்.

"எங்க பக்கத்தோட உங்களை ஒரு படம் எடுத்துக்கறோம், பாக்" என்றாள்.

"என்னை எதுக்கும்மா? கண்ணாடி உடைஞ்சு ரெண்டு மாசமாச்சு, ஒரு எழுத்தும் கண்ணுக்குத் தெரியறதில்ல. நீங்க இப்படி வாங்க. சத்தம் போடாதீங்க, பாடம் நடந்துட்டிருக்கு."

கிழவர் ஓசைப்படாமல் நடந்துபோய், உத்தரத்தில் தொங்கிய கூண்டின் மேல் போர்த்தியிருந்த துணியை விலக்கினார். உள்ளே கம்பியில் கட்டியிருந்த கைபேசி ஏதோ ஒரு பறவையின் குரலில் பாடிக்கொண்டிருக்க, அதற்குக் கீழே மின்னிய தானிய விளம்பரத்தைக் குச்சியில் உட்கார்ந்து கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது, பாட்டுப் பழகும் ஒரு சோலைபாடிக் குஞ்சு.