பூந்தி யார் பக்கத்தில் படுக்கும்

கால்நடை ஆஸ்பத்திரியில் கொடுத்த படிவத்தைக் கணவன் நிரப்பிக்கொண்டிருந்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்து அவள் ஒவ்வொரு எழுத்தாக எட்டிப் பார்த்தாள்.

மேசைக்கடியில் அவர்கள் நாய் பூந்தி காதைச் சொறிந்தது. மூன்று மருந்து மாற்றியும் ஆறாத காது.

எட்டு மருந்துகளை வைத்துச் சோதித்ததில் ஒன்றுக்குத்தான் கிருமி அடங்கியதாம். இப்படிப்பட்ட கிருமி எந்தெந்த வீட்டில் இருக்கிறது என்று பதிவு செய்கிறார்களாம். நாயிடமிருந்து மனிதருக்கும் வருமாம். அறுத்துத் தைத்த காயத்தில் புகுந்தால் லேசில் விடாது என்றார் டாக்டரம்மா.

அவனுக்குப் புதன்கிழமை குடலிறக்க ஆபரேஷன்.

கேள்வி ஏழு: நாய் இரவில் யார் பக்கத்தில் படுக்கும்?

பேனா நின்றது.

அவனுடைய அக்கா, அவளுக்கு மதினி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்த வரியைப் படித்தாள். ஆபரேஷனுக்குத் துணையாகக் காலையில்தான் சங்கரன்கோவிலிலிருந்து வந்து இறங்கியவள். ஒரு சேதி அவள் காதில் விழுந்தால் சாயந்திரத்துக்குள் சொந்தமெல்லாம் சுற்றிவிடும்.

‘யாருடனும் இல்லை’ என்று எழுதினான். கையெழுத்துப் போட்டான். மனைவியை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அக்கா முன்னால் அவள் மானம் போகக் கூடாதென்றுதான் பொய் எழுதுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

அதுதான் தாங்கவில்லை.

சண்டையில் அவன் தலையணையை ஹாலுக்கு எறிந்தவள் அவள். அவன் அதைத் திருப்பி எடுத்து வரவில்லை. அவளும் கூப்பிடவில்லை. மூன்று மாதமாக அந்தத் தலையணையில் பாதி பூந்திக்கு.

டாக்டரம்மா படிவத்தை வாங்கி, முத்திரையை எடுத்தார்.

புதன்கிழமைக்கு இன்னும் நான்கு நாள்.

“ஒரு நிமிசம் டாக்டர்.”

படிவத்தை இழுத்தாள். அவன் எழுதியதை அடித்தாள். மேலே எழுதினாள்.

கணவருடன். ஹாலில். மூன்று மாதமாக.

அக்கா படித்தாள். மறுபடியும் படித்தாள். கண்ணாடியைக் கழற்றி உறைக்குள் வைத்தாள்.

டாக்டரம்மாவுக்கு அது இன்னொரு விவரம், அவ்வளவுதான். ஆபரேஷன் செய்கிறவரிடம் இந்த ரிப்போர்ட்டை இன்றைக்கே காட்டச் சொன்னார். அவனுக்கும் பரிசோதனை வேண்டியிருக்கும் என்றார். காது ஆறும்வரை பூந்தி தனியாகத்தான் படுக்க வேண்டும்.

அவன் தலையாட்டினான். பிறகு, முதல் முறையாக அவள் பக்கம் திரும்பினான்.

“அப்போ நான் எங்க படுக்க?”

அவள் பூந்தியின் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு எழுந்தாள். யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

“ஹால்ல மதினிக்கில்லா விரிக்கணும்.”